ரெங்கா, எண் ஐந்து

கால் பந்தில் பட்டதா, காலில் பட்டதா
இன்றுவரை எனக்குத் தெரியாது.
ஊதிவிட்டேன்.
ஊதியவன் பின்வாங்கக் கூடாது என்பது
பதினைந்து வெள்ளி கட்டி
நடுவர் வகுப்பில் படித்தது.

சுங்கை பெலுக்கார் திடல்.
தோட்டங்களுக்கு இடையிலான கிண்ணம், இறுதியாட்டம்.
பரிசாக வந்திருந்த ஆட்டுக்கிடா
கட்டிய கயிறு எட்டும்வரை போய்
மூலைக்கொடியைத் தின்றுகொண்டிருந்தது.
செம்பனை ஆலைக்கு ஆடிய வெள்ளைக்காரன்
நாற்பதைத் தொட்டவன். இடது முழங்காலில்
சாக்குத் தையல்போல் ஒரு தழும்பு.
பெயர் டூகல் ரென்னி என்றார்கள்.
ஸ்காட்லாந்தாம்.
ஆலையில் யார் வாயிலும் அது நுழையவில்லை.
ரென்னி ரெங்கியாகி, தீபாவளிக்குள் ரெங்கா.
"ரெங்கா, ஏறு! ரெங்கா, பின்னாடி பாரு!"
அவனும் திரும்பிப் பார்த்தான்.

எழுபத்தெட்டாம் நிமிடம்.
மேல்தோட்டத்து அமிர்தன், பதினேழு வயது,
பெரட்டுக்குப் பிந்தியவன்போல்
வலது ஓரமாக ஓடி வந்தான்.
குறுக்கே சறுக்கினான் ரெங்கா.
சேறு எழும்பியது.
அமிர்தன் கத்தினான். கோட்டுக்கு வெளியே
இருநூறு பேர் அவனைவிடக் கத்தினார்கள்.
என் கை சட்டைப்பைக்குப் போனது.
சிவப்பு.

அவன் வாதாடவில்லை.
விலை கேட்கலாமா வேண்டாமா என்று
யோசிப்பவன் மாதிரி
அட்டையை உற்றுப் பார்த்தான்.
பிறகு வந்து கை கொடுத்தான்.

அன்று சாயங்காலம் ஆ ஹெங் கோப்பிக்கடையில்
எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. வேறு நாற்காலி இல்லை.
அவனுக்கு மலாய் அரை, எனக்கு ஆங்கிலம் அரை.

கப்பல் கட்டும் ஊர். அப்பா இரும்பு ஒட்டுபவர்,
இரவுச் சாப்பாட்டிலும் கண் கூசிக்கொண்டே இருப்பாராம்.
பதினாறில் ஒப்பந்தம்; முதல் வேலை
மூத்த ஆட்டக்காரர்களின் பூட்ஸ் துடைப்பது.
மூன்றாம் பிரிவு, இரண்டாம் பிரிவு, மறுபடியும் மூன்றாம்.
இருநூற்றுப் பதினோரு ஆட்டம். ஒன்பது கோல்,
சொந்த வலையில் அடித்ததையும் சேர்த்து.
நாட்டு அணிக்கு ஒருமுறை அழைத்தார்கள்.
தொண்ணூறு நிமிடமும் பெஞ்சில், மழையில்,
கழற்றாத மேல்சட்டையோடு.
ரயிலேறி வந்திருந்த அம்மா
அவன் எழுந்து கோட்டோரம் ஓடிய நாலு நிமிடத்துக்குக்
கைதட்டினாளாம்.
அப்புறம் இந்த ஊர் வெயில். மாநில அணி, இரண்டு பருவம்.
இரண்டாவதில் முழங்கால்.
திரும்பிப் போக விமான டிக்கெட் கொடுத்தார்கள்.
விற்றுவிட்டான்.
ஏன் என்றேன்.
"அங்கே குளிர். முழங்கால் வலிக்கும்."
அது முழுப் பதில் இல்லை என்பது
எனக்கும் தெரியும், டம்ளருக்கும் தெரியும்.

எழும்போது சொன்னான்:
"அங்கே ஆடியதிலும் இங்கே ஆடியதிலும்
ஒரு சிவப்புக்கூட வாங்கினதில்லை.
உன்னுடையதுதான் முதல்."
"பந்தைத் தொட்டாயா?"
"நடுவர் நீ" என்றான்.
இரண்டு தேவுக்கும் அவனே காசு வைத்தான்.

ராத்திரி அறிக்கை எழுதினேன்.
பெயர்க் கட்டத்தில் 'ரெங்கா, எண் 5'.
மற்றதற்கு எனக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சங்கத்தின் கடிதம்:
அப்படியோர் ஆட்டக்காரர் பதிவில் இல்லை.
தண்டனை செல்லாது.

குலை ஏற்றிய லாரியோடு ஆலைக்குப் போனேன்.
எடைமேடையில் வண்டி ஆடி அடங்குமுன்
கடிதத்தை நீட்டினேன்.
மலாயில் இருந்ததை விரல் வைத்துப் படித்தான்.
"அப்போ இன்னும் பூஜ்யம்?"
"பூஜ்யம்."
எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
அந்த அட்டையைத் தருவாயா என்றான்,
ஞாபகத்துக்கு.

தரவில்லை.
என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.
ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருந்தது.